அன்னப்போஸ்ட்

தல்லாகுளத்து டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த பேப்பரில் எண்ணெய் ஊறி ஒரு படம் தெரிந்தது. கழுத்து மறைய மாலை போட்ட ஒருவர். மேலே, 'ஊராட்சித் தலைவர் போட்டியின்றித் தேர்வு'. எனக்கு வடை இறங்கவில்லை.

எங்கள் பக்கம் இதற்குப் பெயர் அன்னப்போஸ்ட். அதைக் கேட்டாலே சூடேறிய ஆம்ப்ளிபயரின் தூசி வாசனை மூக்கில் ஏறும். எண்பதுகளில் அலங்காநல்லூர்ப் பக்கம் மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்வதற்கென்றே என்னைப் பெற்றார்கள் என்கிற நினைப்பு. பல வருஷம் நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் அப்போதுதான் வந்தது. அதுவரை யூனியன் ஆபீஸ் அதிகாரி வைத்ததுதான் சட்டம். நாங்கள் கண்டதெல்லாம் அவர் ஜீப் கிளப்பிய புழுதி.

பக்கத்து ஊர் பேச்சியம்மாக்கா தலைவர் பதவிக்கு வேட்புமனு கொடுத்துவிட்டது. கீழத்தெருவுக்குக் குழாய் வேண்டும், அவ்வளவுதான் அதன் அரசியல். பெரிய மனிதர்களோ ஏற்கெனவே மந்தைத் திடலில் கூடி, ரைஸ்மில்காரரை அன்னப்போஸ்ட்டாக முடிவு செய்திருந்தார்கள். ஊர் ஒற்றுமையாம்! மேலத்தெரு கூடி மேலத்தெருக்காரரையே எடுத்துக்கொள்வதற்கு அப்படி ஒரு பெயர்.

அதே மந்தையில் நான் மைக் கட்டிக்கொண்டிருந்தபோதே அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"மனுவ வாபஸ் வாங்கிரு தாயி. இல்லேன்னா ஒன் வீட்டுக் கோயில் வரிய வாங்க மாட்டோம்."

வரி வாங்கவில்லை என்றால் அந்த வீடே ஊரில் இல்லை. நல்லது கெட்டதுக்கு ஒருத்தர் வாசல் மிதிக்கமாட்டார். அக்கா மகளுக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது.

"ஏண்ணே, விடிஞ்சா தண்ணிக்கு அம்புட்டுப் போட்டி. தலைவருக்கு மட்டும் போட்டி ஆகாதாக்கும்?"

ரைஸ்மில்காரர் சிரித்தார். "வாய்க்கு ஓட்டுப் போட்டா நீதான் தாயி ஜெயிப்ப."

"பெறகெதுக்குண்ணே பயப்படுறீக? ஓட்டு வச்சுத்தான் பாருங்களேன்."

சிரிப்பு நின்றது. வரிப் பேச்சை இன்னொரு தரம், மெதுவாகச் சொன்னார்கள். அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போனது.

மறுநாள் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டது. அன்று சாயங்காலம் கிடா வெட்டு. 'ஊரே ஒருமனதாக' என்று எழுதிக் கொடுத்ததை என் பொன்னான குரலில் முழங்கினேன். கீழத்தெருவுக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். குழாய்தான் போகவில்லை, குழாய் ஸ்பீக்கர் போனது.

தண்ணீர்க் குழாயும் வந்தது, எத்தனையோ வருஷம் கழித்து. அதற்குள் கீழத்தெரு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டது. அக்காவும் மகளோடு போனது. மைக்செட் கடையும் இல்லை, மந்தையைப் பாதி ரோடு தின்றுவிட்டது. என்னென்னவோ போயிற்று. போய்த் தொலைய வேண்டியது மட்டும், மாலை போட்டுக்கொண்டு, என் வடைப் பேப்பரில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது.