இன்னும் பச்சை இருக்கு

எங்கள் அண்ணி கோபக்காரி இல்லை. ஆனால் அவளைக் கோபப்படுத்திப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அண்ணன் பெண்டாட்டியிடம் வம்பிழுக்காத நாத்தனார் எந்த ஊரில் இருக்கிறாள்? அவள் போய் மூன்று வருடமாகிறது. வம்பிழுக்க ஆளில்லாமல் இப்போது எனக்கு வாய் நமநமவென்கிறது.

பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. காலர் மட்டும்தான் தைப்பாள். வெள்ளைக் காலர், நீலக் காலர், நாள் முழுக்கக் காலர். கையும் பையும் வேறு யாரோ தைப்பார்கள். "முழுசா ஒரு சட்டை என் கையில முடிஞ்சு நான் பாத்ததே இல்லடி" என்பாள். அதனால்தானோ என்னவோ, வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைப் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவாள். தோட்டம் என்று நாங்கள்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ஒரு லாரியை நிறுத்தினால் அதன் கதவைத் திறக்க இடம் இருக்காது. அதற்குள் தக்காளி, மிளகாய், சுவர் முழுக்க அவரைக்கொடி, ஒரு கொய்யா, மூலையில் எலுமிச்சை. விதை போடுவதிலிருந்து காய் பறிப்பதுவரை எல்லாம் அவள் ஒருத்திதான். சாயங்கால வெயிலில் மண் நனைந்த வாசனை சமையலறைவரை வரும். அந்த வாசனைக்காகவே நான் வீட்டுக்குச் சீக்கிரம் திரும்பிய நாட்கள் உண்டு.

பிறகு இரண்டு வருடம் மழை பொய்த்தது. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாம் செடிக்கு என்று அண்ணி வாளி வாளியாகச் சேர்த்துவைப்பாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? குடிக்கவே திண்டாட்டமான பிறகு தக்காளி போனது, அவரை போனது. ஒருவழியாக மழை வந்தது. வராமலே இருந்திருக்கலாம். புயலோடு வந்து கொய்யாவை வேரோடு பிடுங்கிச் சுவர்மேல் சாய்த்துவிட்டு, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போனது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். மிஞ்சியது எலுமிச்சை ஒன்றுதான். அதிலும் இலை கிடையாது, வெறும் முள்ளும் குச்சியும்.

அதற்குப் பிறகு அண்ணி தினமும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே வந்தால் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். கேட்டால், "பசிக்கல" என்பாள். எனக்குப் பயமாக இருந்தது. வம்பிழுத்தால்கூடப் பதில் வராத அண்ணியை நான் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணன் எலக்ட்ரீஷியன். சரியான கல்லுளிமங்கன். அவன் பேசுவதைவிட அவன் மாட்டுகிற காலிங்பெல் அதிகம் பேசும். அவன் ஒருநாள் திடீரென்று, "பின்னாடி சிமெண்ட் போட்டுடலாம். வண்டி நிறுத்தலாம்" என்றான்.

"வண்டி வாசல்லயே நல்லாத்தானே நிக்குது?" என்றாள் அண்ணி.

"வெயில்ல நிக்குது."

"மரமும் வெயில்லதாங்க நிக்குது."

அவனை இழுத்துக்கொண்டு போய் எலுமிச்சைப் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே பச்சையாக இருந்தது. "பாருங்க, பச்சை இருக்கு. உயிரு இருக்குன்னு அர்த்தம்."

அண்ணன் குனிந்து பார்த்தான். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். தளிர் வரலைன்னா கொத்தனாரை வரச் சொல்லிடுவேன்" என்றான். எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. அந்த மண்ணையும் மூடிவிட்டால் அவளுக்குக் காலரைத் தவிர வேறென்ன இருக்கிறது?

மாதக் கடைசி வந்தது, தளிர் வரவில்லை. கொத்தனார் இரண்டு மூட்டை சிமெண்டோடு வந்து பின்கதவில் நின்றார். அண்ணி கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மரத்தடிக்குப் போனவள், "எல்லாரும் இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

மரம் முழுக்கச் சுரண்டல். அடிமரத்தில் இருந்ததெல்லாம் என்னுடையது. என் உயரத்துக்கு அவ்வளவுதான் எட்டும், மறுக்க முடியுமா? நடுவில் இருந்தவை ஹேர்பின்னால் கீறியவை. அண்ணியின் மகள் நகம் கடிப்பவள், அவளுக்குச் சுரண்ட நகம் ஏது? "நான் இல்லம்மா" என்றாள், ஹேர்பின் அவள் கையிலேயே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள் கழுதை. எங்கள் எல்லாருக்கும் ஒரே கவலைதான். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போய் உயிர் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறோம்.

ஆனால் எங்கள் கைக்கு எட்டாத ஒரு கிளையில், வளையல் போட்டதுபோல் பட்டையைச் சுற்றிலும் சீவியிருந்தது. கத்தியால், துல்லியமாக, வயரை உரிக்கிற மாதிரி. அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நானும் பார்த்தேன்.

"சுத்தி உரிச்சா மேல இருக்கிறது செத்துடுங்க" என்றாள்.

"ஒரே நாள்ல உரிக்கல" என்றான் அவன். "தினமும் கொஞ்சம். நேத்துப் பாத்த இடத்தையே பாத்தா இன்னிக்கி எப்படி இருக்குன்னு தெரியாதே. பக்கத்துல பக்கத்துலன்னு போயிடுச்சு."

"சிமெண்ட் போடச் சொன்னதும் நீங்கதானே?"

அவன் கொத்தனாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். என் அண்ணன் அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"நீ செத்ததையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. உள்ள வந்தா சாப்பிட மாட்டேங்கிற. மரம் போனா வேற நட்டுக்கலாம், நீ இப்படியே இருந்தா நான் என்ன பண்றது? கண்ணுலயே படாம மூடிடலாம்னு நெனச்சேன். காலையில போய்ப் பாப்பேன். ஒரு தளிர் வந்திருந்தா, கொத்தனாரை வேணாம்னு சொல்லிடலாமேன்னுதான்."

அண்ணி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். புடவைத் தலைப்பால் அந்தக் காயத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள்.

"இப்ப கலவை போடவா, வேணாமா?" என்றார் கொத்தனார்.

"துவைக்கிற கல்லு ஆடுது, அத மட்டும் பூசிட்டுப் போ" என்றான் அண்ணன்.

அந்தக் கிளை வளையத்துக்கு மேலே காய்ந்துபோனது. வளையத்துக்குக் கீழே, சில வாரங்களில், ஒரே இடத்தில் மூன்று தளிர் வெடித்தது. அடுத்த வருடம் காய்த்தது, வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பை நிறையக் கொடுத்தோம். அதெல்லாம் பிறகு.

அன்று மதியம் நான்தான் பரிமாறினேன். அண்ணி தலை நிமிராமல் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றாள். அண்ணன் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, அவனே போட்டான்.