ஒரு போகமும் தரிசு விடாத தனம் அக்கா

செய்தி வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். வாலாஜாபாத்தில் ஏறி, ஒரகடம் வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடுவது முதல் ஷிப்ட்காரர்களின் வழக்கம். பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பிப் போனைக் காட்டினார். எங்கள் கேன்டீன் குழுவில் ஒரு ரோஜாப்பூப் படம். அதன் கீழே, தனலட்சுமி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று ஒரே வரி. பஸ் நிற்பதற்குள் கும்பிடு கும்பிடாக வந்து விழுந்தன. யாரோ ஒருவர் "அன்னபூரணி" என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அன்னபூரணி என்றால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காலண்டரில் சிரிப்பவள். தனம் அக்கா அப்படிச் சும்மா சிரிக்கிற ஆள் இல்லை. கேன்டீனில் சோற்றை மிச்சம் வைத்த மேனேஜரின் தட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தவர். அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே அவரைச் சாமிப்படம் ஆக்காதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தது 1991-இல். உர விலை ஏறிய வருடம். ஊரே யூரியா மூட்டைக்காகச் சங்கத்து வாசலில் நின்றபோது, புதுப்பெண் தாய்வீட்டிலிருந்து தக்கைப்பூண்டு விதை கொண்டுவந்து வயலில் தூவச் சொன்னாராம். பூக்கிற சமயத்தில் அதை அப்படியே சேற்றில் மடக்கி உரமாக உழவைத்தார். மாமனார் வீட்டில் சிரித்தார்கள். அந்தப் போகம் விளைந்ததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். "மண்ணுக்கும் வாயி கீது. அதுக்கு இன்னா புடிக்கும்னு கேட்டுப் போடணும்" என்பார் அக்கா. அதற்குப் பிறகு அந்த ஒன்றரை ஏக்கருக்குள் உர மூட்டை நுழையவே இல்லை.

பிறகு வந்த வருடங்களில் எங்கள் பக்கத்து வயல்கள் ஒவ்வொன்றாக மதில் சுவருக்குள் போயின. அக்காவின் நிலத்துக்குக் கிழக்கே ஒரு லாரி யார்டு, வடக்கே பிளாட் போட்ட கல். கணவர் இறந்ததும் அக்கா எங்கள் ஆலை கேன்டீனில் சோறு வடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நான் அங்கே ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போவோம், அக்கா வயலுக்குப் போவார். ஒருநாள் கேலியாகக் கேட்டேன், கம்பெனி மூன்று வேளையும் போடுகிறதே, இன்னும் எதற்கு நெல் என்று. "கம்பெனி சம்பளம் போடும் தம்பி, சோறு போடாது. அங்க சோறு வடிக்கிறவ சொல்றேன், கேட்டுக்கோ" என்றார்.

நிலம் கூட்டுப் பட்டா. கணவரின் தம்பி ஏகாம்பரம் அதை விற்றே ஆக வேண்டும் என்று நின்றார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஒவ்வொரு போகமும் பயிர் நிற்கும்வரை விற்பனைப் பேச்சே இல்லை. ஒரே ஒரு போகம் தரிசாகக் கிடந்தாலும் விற்றுப் பங்கு பிரித்துக்கொள்வது. இப்படி ஒரு வார்த்தைக்கு ஏன் தலையாட்டினீர்கள் என்று அக்காவிடம் சண்டை போட்டேன். "பயிர் வெக்கிறவளுக்குத்தான நெலம்? வெக்காம வுட்டா எனக்கு மட்டும் இன்னா உரிமை?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அப்புறம் கொரோனா வந்தது. ஊரடங்கு என்றார்கள். லைன் நின்றது, கேன்டீன் பூட்டியது. எங்கள் ஊர் ஓரத்தில் இருந்த இரண்டு ஹாஸ்டல்களில் ஒடிசாத் தொழிலாளர்கள் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். ஊருக்குப் போக ரயில் இல்லை. ஒப்பந்தக்காரர் போனை எடுக்கவில்லை. கடையில் அரிசி தீர்ந்துபோய் ரவைக்கு அடிதடி. மாசியில் அறுத்த பூங்கார் நெல் அக்காவின் மோட்டார் கொட்டகையில் அடுக்கியிருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரே கொட்டகைச் சாவியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் அவர் தெருவில் ஒருவருக்குத் தொற்று என்று சொல்லித் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். போனில் சொன்னார்: "கொட்டாயில கீற நெல்ல எடுத்து அவிச்சி, அரைச்சி, அந்தப் புள்ளைங்களுக்குப் போடு தம்பி. வயிறு ஊரடங்குக்கு அடங்காது."

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸில் எங்களுக்கு ஒரே வேதம்: முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். சுவரில் பெயின்ட் அடித்தே எழுதியிருக்கும். அக்கா ஒவ்வொரு மூட்டையிலும் சாக்பீஸால் தேதி போட்டிருந்தார். எனக்கு ஏக சந்தோஷம். எல்லாவற்றுக்கும் முந்தைய தேதி போட்டு ஓரமாகத் தனியே வைத்திருந்த இரண்டு மூட்டைகளைத்தான் முதலில் பிரித்தேன். டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றி அவித்தேன். பிறகு தேதி வரிசை தவறாமல் மற்ற மூட்டைகள். தெருவின் தகரத்தைப் பிரித்த அன்று கொட்டகை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளையடிக்காத குறைதான். அக்காவைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினேன்.

அவர் மூலையைப் பார்த்தார். "ஓரத்துல ரெண்டு மூட்ட இருந்துச்சே?"

"அதுதான் அக்கா முதல்ல போச்சி. பழைய ஸ்டாக் ஆச்சே."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கதிரை ஓங்கி அடிக்கும் முதல் அடியில் உதிர்வதுதான் நன்றாக முற்றிய மணி. அதைத்தான் விதைக்கு எடுத்துவைப்பார்கள். அதனால்தான் அந்த இரண்டு மூட்டைக்கும் முந்தைய தேதி. விவசாயி வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவரும் சொல்லவில்லை. அவித்த நெல் முளைக்காது என்பது எனக்கும் தெரியும், ஆனால் அது விதை என்று தெரியாது. சித்திரை முடியப்போகிறது, அடுத்த போகமான சொர்ணவாரிக்கு நாற்று விட வேண்டும். விதைக்கடை திறக்கவில்லை, அங்கே போகப் பஸ்ஸும் இல்லை.

விஷயம் அன்றைக்கே ஏகாம்பரத்துக்குப் போய்விட்டது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு வரப்பில் நின்று கேட்டார்: "இன்னா அண்ணி, இந்தப் போகம் தரிசுதானே?" என்னை ஊரே திட்டியது. திட்டட்டும் என்று நானும் தலையைக் குனிந்து நின்றேன். அக்கா மட்டும் திட்டவில்லை. ஹாஸ்டலில் அன்று வடித்த சோற்றில் ஒரு தட்டு போட்டு என் முன்னால் வைத்தார். "துன்னு. வெந்தது சோறாச்சி, பசிச்சவன் துன்னான். இதுல தப்பு இன்னா கீது? வெதைக்கி வேற வழி பாக்கலாம்." தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழப்போனேன். "துன்னாம எழுந்தா வேல செய்ய மாட்ட" என்று அதட்டினார். தின்றேன்.

மறுநாள் விடிந்ததும் என்னை வைக்கோல் போரிடம் இழுத்துப்போனார். ஒரு பிடி உருவி, கசக்கி, என் உள்ளங்கையில் வைத்தார். வைக்கோல் தூசிக்குள் சிவப்பாக மூன்று மணி.

"இன்னா இது?"

"நெல்லு."

"அப்போ ஏன் எழவு வூட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற?"

முன்பெல்லாம் கையடி அடித்த வைக்கோலை மாடு விட்டு இரண்டாம் முறை மிதிப்பார்கள். எங்கள் ஊரில் மாடு ஏது? மனிதர்கள்தான் இருந்தோம். ஹாஸ்டலிலிருந்து பதினைந்து பேர் வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் நெல் விளைகிற வீட்டுப் பிள்ளைகள். பிகாஷ் என்பவர் என் கையிலிருந்த கழியை வாங்கி, எப்படி அடிக்க வேண்டும் என்று எனக்கே காட்டினார். ஆளுக்கு ஆறடி தள்ளி நின்று தார்ப்பாயில் போரை உதறி உதறி நான்கு நாள் அடித்தோம். கிடைத்ததை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதந்த பதரை அக்கா அள்ளி எறிந்தார். அடியில் தங்கியது ஒரு அண்டாவின் அடியை மறைக்கும், அவ்வளவுதான்.

ஒன்றரை ஏக்கருக்கு அது எந்த மூலைக்கு என்றார்கள். கொத்தாக நட்டால் போதாது, ஒற்றை நாற்றாக நட்டால் போதும் என்றார் அக்கா. இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, சாண் இடைவெளி. வரப்பில் நின்று பார்த்தவர்கள் "பல்லு போன வாயி மாதிரி கீது" என்று சிரித்தார்கள். "சிரிங்க, பல்லு மொளைக்கும்" என்று நிமிராமலே சொன்னார் அக்கா. முளைத்தது. ஒவ்வொரு நாற்றும் தூர் கட்டி, ஆடி பிறப்பதற்குள் வயலில் இடைவெளியே தெரியவில்லை. ஏகாம்பரம் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த போகம் பாத்துக்கலாம்" என்றார். "வா. நீ எப்ப வந்தாலும் பயிரோட நிப்பேன்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு வந்த எல்லாப் போகத்திலும் அப்படித்தான் நின்றார்.

இப்போது அவர் இல்லை. காரியத்தன்று பந்தலிலேயே ஏகாம்பரம் பேச்சை எடுத்தார், இனிமேல் யார் பயிர் வைக்கப்போகிறார்கள் என்று. அக்காவின் மகள் மலர், ஒரகடத்தில் லைனில் நிற்கிறவள், அழுத முகத்தோடு எழுந்து என்னிடம் வந்தாள். "மாமா, நான் ஷிப்ட் மாத்திக்கிறேன். நீங்க கூட நிப்பீங்களா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். விதையைக் கண்டால் தெரியாதவன் நான். ஆனாலும் நிற்கிறேன் என்றேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். விதை மலரிடம் இருக்கிறது, அறிவு அந்த மண்ணிடம் இருக்கிறது, என் பங்குக்கு முரட்டுத்தனமாவது இருக்கட்டும். நேற்று இரண்டு பேரும் நாற்றங்கால் விட்டோம். நிலம் சும்மா கிடக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம். செருப்பை மட்டும் ரோட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள், உள்ளே முழங்கால் வரைக்கும் சேறு.