ஹார்ட் டிஸ்க்குக்குத் தனி வயர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. லூர்துமேரியின் தம்பி அந்தோணி. "அண்ணே, அக்கா போயிட்டாங்க" என்றார். வாயில் நுரையோடு, "எங்க?" என்று கேட்டுவிட்டேன். எழுபதைத் தாண்டியவனுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாதா என்ன? ஆனாலும் லூர்துவோடு சேர்த்து அதைக் கேட்டபோது மண்டையில் ஏறவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாராம். அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவரைக் கொண்டு ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டவர்கள். நானும் அதில் சேர்த்தி. முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுவதாகச் சொல்லி அந்தோணி என்னை எழுதச் சொன்னார். "கம்ப்யூட்டர் வேலையில அக்கா உங்களுக்கு ஹெல்ப் பண்ணாங்கல்ல, அதப் பத்தி எழுதுங்க." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஃபேரர் பார்க்கில் ஒரே அடுக்குமாடி, ஒரே தளம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு அவருடையது. என்னைவிட நான்கு வயது இளையவர். ஜூரோங்கில் கணினிகளுக்கான ஹார்ட் டிஸ்க் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆபரேட்டர். கம்பெனி பஸ் ஏறிப் போய், நாள் முழுக்க நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளுக்கு மின்சாரம் கொடுத்து, சுழல்கிறதா என்று பார்த்து, கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டுவார். நானும் ஜூரோங்தான், கப்பல் பட்டறையில் எலக்ட்ரிஷியன். அங்கே ஆள் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு. என் மனைவி ரோசி செக்யூரிட்டி வேலைக்கு மனுப் போடச் சொன்னாள். நானோ ஜாலான் புசார் கடைகளில் உதிரி பாகங்கள் வாங்கி, வீட்டிலேயே கணினி கட்டி விற்பதென்று கிளம்பினேன். கையில் ஒரு புத்தகம், மனதில் பெரிய தைரியம். முதல் ஆர்டர் கொடுத்தவர் தேவராஜா சார். யாழ்ப்பாண வழி வந்தவர், அரசாங்க வேலையில் ஓய்வுபெற்று சிராங்கூன் சாலையில் ஒரு மாடியில் தட்டச்சு அலுவலகம் நடத்தினார். அவருக்குத் தெரியாத ஆள் அந்தச் சாலையில் இல்லை. அந்த மெஷின் நன்றாக ஓடினால் அடுத்த ஆர்டர்கள் வரும். படுத்தால் நான் செக்யூரிட்டி சட்டையை மாட்ட வேண்டியதுதான்.

படுத்துவிட்டது. தினமும் காலையில் முதல் முறை சுவிட்சைப் போட்டால் ஹார்ட் டிஸ்க் சுழலாது. மூன்றாவது, நான்காவது முறையில்தான் மனம் இறங்கும். கடையில் டிஸ்க்கை மாற்றி வாங்கினேன், அதுவும் அப்படியே. தேவராஜா சார் மெஷினை என்னிடமே திருப்பி அனுப்பி ஒரு வாரம் கெடு வைத்தார்.

நடந்த தவறு முழுக்க என்னுடையது, அதைச் செய்யக் கப்பல் பட்டறை எலக்ட்ரிஷியனால்தான் முடியும். பெட்டிக்குள் இரண்டு ஃப்ளாப்பி டிரைவ், ஒரு ஹார்ட் டிஸ்க். பவர் சப்ளையிலிருந்து டிரைவுகளுக்கு வந்த வயர்களோ இரண்டுதான். ஆகவே ஒன்றைக் கிளை பிரித்தேன். கப்பலில் நானூறு வோல்ட்டோடு மல்லுக்கட்டியவனுக்குப் பன்னிரண்டு வோல்ட் கொசுக்கடி. வளைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று காலிங்பெல்லுக்குப் போடும் மெல்லிய வயரைப் போட்டு, முறுக்கி, டேப் சுற்றி, அந்தக் கிளையில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டியிருந்தேன். வேலை அழகாக இருந்ததாகவே எனக்கு நினைப்பு.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, தேக்கா சந்தையில் வாங்கிய புட்டு மாயம் என்கிற இடியாப்பப் பொட்டலத்தோடு லூர்து எங்கள் வாசலைக் கடந்தார். உள்ளே நான் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நின்றார். கதவுக் கம்பிக்கு வெளியே இருந்தபடியே சொன்னார்: "அண்ணே, அது பசியில முனகுது."

"எது?"

"டிஸ்க்குதான். நாங்க நாள் பூரா கேக்குற சத்தம்லா. கெளம்பும்போது அது நெறைய குடிக்கும். சுத்த ஆரம்பிச்சிட்டா அப்புறம் கொஞ்சம் போதும். நீங்க என்னா வயர்ல குடுத்திருக்கீங்க?"

உள்ளே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், மெஷினும் அப்படியே கிடந்திருக்கும். மெல்லிய வயரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "நானூறுல ஒரு வோல்ட் வழியில போனா யாருக்கும் தெரியாது. பன்னெண்டுல ஒண்ணு போனா இதுக்குப் பட்டினி."

பதினைந்து வருட சர்வீசில் வயர் மின்னழுத்தத்தைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பெரிய எண்களோடு பழகிய திமிர், சின்ன எண்ணைக் கணக்கில் வைக்கவில்லை. ரோசி அடுப்படியிலிருந்து, "கேட்டுக்கங்க" என்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் லூர்து வேலை முடிந்து நேரே ஜாலான் புசாருக்கு வந்தார். கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொரு வயரின் நுனியையும் உரித்து, உள்ளே இருந்த செம்பு இழைகளைப் பிரித்துப் பார்த்தார். பிளக்குகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றி, பிடிப்பில்லாதவற்றை ஓரமாகத் தள்ளினார். தள்ளியதுதான் அதிகம். கடைக்காரச் சீனப் பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் பேசும் பசார் மலாயில் வயர் வாங்க வந்தாயா, மாப்பிள்ளை பார்க்க வந்தாயா என்று கேட்டார். லூர்து தலை நிமிராமல், "மாப்பிள்ளைன்னா இவ்வளவு பாக்க மாட்டேன் அங்கிள், சீக்கிரம் முடிச்சிருவேன்" என்று அதே மலாயில் சொன்னார். பெரியவர் சிரித்தபடி உள்ளேபோய் நல்ல சரக்கை எடுத்து வந்தார்.

அன்று மாலை அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பவர் சப்ளையிலிருந்து நேரே ஒரு வயர், நடுவில் ஒட்டு கிடையாது. மற்ற வயரைத்தான் தடித்த கம்பியால் கிளை பிரித்து, பற்றவைத்து, ஃப்ளாப்பிகளுக்குக் கொடுத்தார். "இது ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி, ஒரே தட்டுல சாப்பிடும். மூத்த மாப்பிள்ளைக்குத்தான் தனி எலை." டிரைவை வெளியே இழுத்தாலும் வயர் இழுபடாதபடி ஒரு சாண் மிச்சம் விட்டார். மிச்சத்தை மடித்துப் பெட்டியின் ஓரமாக, விசிறிக்கு எட்டாமல், ரோசியின் தையல் நூலை மெழுகில் இழுத்துக் கட்டினார். பிளக்குக்குப் பக்கத்தில் கட்டக் கூடாது, கழுத்து நெரியும் என்பார். ஒவ்வொரு முனையிலும் பிளாஸ்டர் ஒட்டி எது எதற்கென்று எழுதினார். கடைசியாக ஒவ்வொரு பிளக்கையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "இழுத்துப் பாக்காதது மாட்டாததுக்குச் சமம்." இந்தப் பழக்கம் அவருக்கு வயரோடு நிற்கவில்லை. ஆலயத்தில் பாட்டுக் குழுப் பிள்ளைகளின் அங்கிப் பொத்தான்களையும் அவர் இழுத்துப் பார்ப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

மெஷின் முதல் சுவிட்சிலேயே கிளம்பியது. அதைத் தேவராஜா சாரிடம் கொண்டுபோகும்போது கீபோர்டைத் தூக்கிக்கொண்டு லூர்துவும் வந்தார். சார் மூடியைத் திறந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். "வயர் கட்டியிருக்கிற ஒழுங்கப் பார்க்கவே தெரியுது ஞானம். இது ஷிப்யார்ட் கை. உங்கட வேலைய நாலு பேருக்குச் சொல்லுவன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். லூர்து எதிர்ச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில், சார் கொடுத்த டீ நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

சார் சொன்னபடி நாலு பேருக்குச் சொன்னார். ஆர்டர்கள் வந்தன. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் லூர்து வந்து வயர் வேலையை முடித்துக் கொடுப்பார். கூலிப் பேச்சை எடுத்தால், "ரோசி அக்கா மீன் கறி போதும்ணே" என்பார். எங்கள் வீட்டில் அந்த மெஷின்களைக் கட்டுவது நான்தான் என்று ஊரே சொன்னது. ஒரு கட்டத்தில் நானும் நம்பத் தொடங்கினேன்.

பிறகு ஒரு நாள் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். முதலும் கடைசியுமாகக் கேட்டது அதுதான். தொழிற்சாலையில் ஆபரேட்டர்களிலிருந்து சிலரை டெக்னீஷியனாக எடுக்கிறார்கள், வெளியே செய்த வேலைக்குக் கடிதம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். "நான் என்ன செஞ்சேனோ அத எழுதிக் குடுங்கண்ணே." நான் உட்கார்ந்து எழுதினேன். அவர் செய்ததையெல்லாம் எழுதினால் என் வாடிக்கையாளர் காதுக்கு எட்டுமோ என்று பயம். என் வேலையில் லூர்துமேரி எனக்கு நல்ல உதவியாக இருந்தார் என்று எழுதி, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

ரோசி படித்துவிட்டு, "இத அந்தப் புள்ள கையில குடுக்க உங்களுக்குக் கூசல?" என்றாள். கூசியது. ஆனாலும் கொடுத்தேன். லூர்து வாசலில் நின்று படித்தார். மடித்தார். "சரிண்ணே, தேங்க்ஸ்" என்றார். அந்தக் கடிதத்தை அவர் எங்கும் கொடுக்கவில்லை என்று அந்தோணி சொல்லிப் பின்னால் தெரிந்தது. அந்த முறை அவரை எடுக்கவுமில்லை.

ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்து, "மெஷின் எங்கண்ணே?" என்றார். அதுதான் லூர்து. கோபத்தை ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி. இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, யாருடைய கடிதமும் இல்லாமல் டெக்னீஷியன் ஆனார். அன்று எங்கள் வீட்டில்தான் விருந்து. நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "லூர்து, அந்த லெட்டர்..." என்று ஆரம்பித்தேன். "மீன் கறி ஆறுதுண்ணே, சாப்பிடுங்க" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் என்னிடம் விட்டுப்போனவை சில. இன்றும் ஒரு பிளக்கை மாட்டினால் என் கை தானாக ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறது. சின்ன எண்ணைக் கண்டால் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறேன். அவர் மன்னித்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது மன்னிப்பை அல்ல, ஒரு கடிதத்தை. அதை இப்போது எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் படித்து, யார் கேட்டாலும் காட்டுங்கள்.

சம்பந்தப்பட்டவர்களுக்கு: எண்பதுகளில் ஞானப்பிரகாசம் ஆகிய என் பெயரில் பதினேழு கணினிகள் வெளியே போயின. அவற்றில் எந்த டிரைவுக்கு எந்த வயர் என்று முடிவு செய்தவரும், அந்த வயர்களைத் தேர்ந்து, அளந்து, வெட்டி, கட்டி ஒழுங்கு செய்தவரும் லூர்துமேரி. நான் அவருக்கு உதவியாக இருந்தேன்.