சாகாதவனுக்குப் பொண்ணு குடுக்கலாமா?

இன்னிக்குக் காலைல பாண்டிச்சேரி முதலியார்பேட்டை பேக்கரியில ரோசலி ஆன்ட்டியைப் பார்த்தேன். எங்க தெருதான். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த அவங்க வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டார்.

நான் ஆன்லைன்ல எழுதுற தொடரை ஆன்ட்டி விடாம படிப்பாங்க. அதான், சாவே இல்லாத, நெனச்சா சிறுத்தையா மாறுற போர்வீரனோட காதல் கதை.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு அவனுக்கு சம்மதம் சொல்லிடுவாளா?"

"ஆமா ஆன்ட்டி, சாயந்திரம் போடுறேன்."

"வேணாம்டி."

"சிறுத்தையா மாறுறானேன்னா?"

"அது கெடக்கு. எந்த ஆம்பளை வீட்டுக்குள்ள வந்தா மாறல? இவன் சாகவே மாட்டானே! அவளுக்கு விதவை பென்ஷன் எப்படி வரும்?"

நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல.

"அங்கிள் இருந்தவரைக்கும் ஒத்தக் காசு என் கைல குடுத்ததில்ல. இப்பதான் அவர் பென்ஷன் என் கைக்கு வருது, எனக்குப் பிடிச்ச ரொட்டியை நானே வாங்குறேன்."

வாங்கிட்டுப் போயிட்டாங்க.

அப்போலேர்ந்து எனக்கு ஒரு இடத்துல உக்கார முடியல. லேப்டாப்பைத் திறக்குறேன், மூடுறேன், மாடிக்குப் போறேன், வரேன். ஹீரோயின் வாயே திறக்க மாட்டேங்குறா.

அவன் கண்ணு, தோளு, உறுமல் எல்லாத்தையும் பக்கம் பக்கமா எழுதிட்டேன். சம்பளத்தை யார் கைல குடுப்பான்னு மட்டும் எங்கயுமே எழுதல.

உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா கட்டிக் குடுப்பீங்களா? சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க.