அம்மாவும் அத்தையும் நின்ற தேர்தல்

எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது மிகவும் நொந்துபோனவர்கள் இரண்டு ஆண்கள். ஒருவர் என் அப்பா. இன்னொருவர் அப்பாவின் தங்கையைக் கட்டிய மாமா. புவனகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்னப் பேரூராட்சியில் கவுன்சிலர் ஆகிவிட வேண்டும் என்று இருவருக்குமே பல வருஷ ஆசை. ஒருவரிடம் ஒருவர் மூச்சு விட்டதில்லை. வருத்தம் ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாள் அப்பா அம்மாவை மனுத்தாக்கல் செய்யக் கூட்டிப்போனார். மாமாவும் அத்தையைக் கூட்டி வந்திருந்தார். அலுவலக வாசலில் நாலு பேரும் எதிரும் புதிருமாக நின்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அதுவரை ஒரு டீயை இரண்டாக்கிக் குடித்த மச்சான்கள். அன்றோடு பேச்சு நின்றது. "அவன் ஜெயிச்சான்னா அவன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று அப்பா சத்தியம் செய்தார். ஜெயிக்க வேண்டியது அத்தை என்பது அவர் நினைவிலேயே இல்லை. மாமாவும் தெருமுனையில் நின்று அதே சத்தியத்தைக் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தியாகச் செய்தார். இரண்டு வீட்டுக்கும் கொல்லையில் ஒரே சுவர். ஒன்பது வயதில் எனக்கு இரு வீட்டிலும் தட்டு உண்டு. யார் ஜெயித்தாலும் எனக்கு ஒரு வீடு போய்விடும். நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அம்மாவுக்குப் பூட்டு சாவி சின்னம், அத்தைக்குக் கட்டில். போஸ்டரில் அப்பா முழு ஆளாகக் கும்பிட்டு நின்றார். வேட்பாளர் அம்மா ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருந்தாள். மாமாவின் போஸ்டரில் அத்தை அதைவிடச் சின்னதாக இருந்ததில் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமை. ஓட்டுக் கேட்கும்போது அப்பா பேசுவார், அம்மா கும்பிடுவாள். பைக்கில் ஒட்ட 'கவுன்சிலர்' என்று சிதம்பரத்தில் ஸ்டிக்கர் வெட்டி வாங்கி, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

மூன்றாவதாகவும் ஒருவர் நின்றார். வீட்டுக்கு வீடு பால் ஊற்றும் அக்கா. அவருக்குக் கூட்டமில்லை, மைக்கில்லை. பால் கேன் கட்டிய வண்டியில் தனியாக வந்து, "எந்தப் பைப்புல தண்ணி வரல, சொல்லுங்க" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போவார். அவரை ஆளாகவே மதிக்கக்கூடாது என்பதில் மட்டும் அப்பாவும் மாமாவும் ஒத்துப்போனார்கள்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் மத்தியானம் கொல்லைப் பக்கம் போனேன். பேசக்கூடாது என்று உத்தரவு வாங்கியிருந்த அம்மாவும் அத்தையும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அப்படியே செஞ்சிடலாம் அண்ணி" என்றாள் அத்தை.

என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன். "மொளகாத்தூள் அரைக்கப் போறோம்டி, போய் வெளையாடு" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்தில் ஓட்டு எண்ணி முடித்தார்கள். அம்மாவும் அத்தையும் சரிசமமாக வாங்கியிருந்தார்கள். பால்கார அக்கா இரண்டே இரண்டு ஓட்டு கூடுதலாக வாங்கி ஜெயித்துவிட்டார். இரண்டு பேரும் தோற்றுவிட்டார்களே என்று நான் தேம்பி அழுதேன். அம்மாவும் அத்தையும் கேட்டுக்கு வெளியே வந்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்பா ஒரு வேப்பமரத்தடியிலும் மாமா இன்னொரு வேப்பமரத்தடியிலும் நின்றார்கள். எகத்தாளம் செய்ய இருவருக்கும் வழியில்லை. செய்த சத்தியத்துக்கும் வேலையில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மாமாதான் முதலில் வந்தார்.

"எவனோ ரெண்டு பேரு கழுத்தறுத்துட்டானுங்க மச்சான்."

"ஆமா மச்சான். உடக்கூடாது."

அன்று சாயங்காலமே மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. வாக்காளர் பட்டியலை விரித்து, அந்த இரண்டு துரோகிகளைத் தேட ஆரம்பித்தார்கள். அம்மாவும் அத்தையும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்கள். ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்கும் பொறுப்பு எனக்கு. அப்பா யோசிப்பார், மாமா சிவப்புப் பேனாவால் சந்தேகக் குறி போடுவார். அம்மாவின் பெயர் வந்தது. அதற்குச் சற்றுக் கீழே அத்தையின் பெயர்.

"அது ரெண்டும் நம்ம ஓட்டும்மா, தள்ளு" என்றார் அப்பா.

தள்ளிவிட்டு, அடுத்த பெயரை இன்னும் உரக்கப் படித்தேன்.