பதினாறு திரை பார்த்தவர்

கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அவரிடம் பதினாறு திரை கிடையாது, என் அப்பாவிடம் உண்டு. உலகத்தில் எவன் எதைச் சட்டைக்குள் செருகினாலும் அப்பாவுக்கு மூக்கு வேர்த்துவிடும். மூன்று நாட்டு ராணுவம் அவரைக் கேட்டுக் கெஞ்சியது. கடையில் லீவு கிடைக்காததால்தான் அவர் போகவில்லை.

சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். நாலு மாடிக் கடை ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், கேமரா பார்க்கிற வேலை. பதினெட்டு வருஷமாக அதே ஆடுகிற நாற்காலி, ஆறிப்போன டீ, கண்ணுக்குச் சொட்டு மருந்து. திருடனை அவர் முகத்தைப் பார்த்துப் பிடிப்பதில்லை.

"மூஞ்சி பொய் சொல்லும்டா. அங்கயும் இங்கயும் சுத்திட்டே இருக்கறவன்தான் வம்பு. ஒரே இடத்துல நிக்கறவனை விட்டுடு" என்பார்.

அந்தத் தொழில் சூத்திரத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டார்.

அம்மா வெளியூர் வேலைக்குப் போய் மூன்று வருஷம். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பத்தாவதோடு ஒத்துவராமல் போனதால், ஒன்பது வயதுத் தம்பி சுண்டுவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்பா வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"சின்னவன் எங்க?"

"அதே இடத்துலதான்."

"சமத்து."

அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரம் திரை பார்த்த கண் இன்னொரு திரையைத் திரும்பிப் பார்க்குமா? அசையாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அவருக்கு நல்ல பிள்ளை. அந்த நல்ல பிள்ளை வீடியோ கேமில் நாளைக்கு நாற்பது பேரைத் தீர்த்துக்கட்டிக்கொண்டிருந்தான். பின்னால் பதுங்கிப் போய்க் கழுத்தை இறுக்கினால் கூடுதல் பாயிண்ட்.

போன மாதம் பள்ளிப் படிக்கட்டில், கூடப் படிக்கிறவன் ஒருவனின் பின்னால் போய், புத்தகப்பை வாரைக் கழுத்தில் போட்டு இறுக்கிவிட்டான். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், குரல்தான் இன்னும் சரியாக வரவில்லையாம். வீட்டுக்கு வரும் வழியில் சுண்டு என்னைக் கேட்டான்: "அவன் ஏன் உடனே எழுந்திரிக்கல?"

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு அவன் கேமின் பெயரைச் சொல்லியிருந்தான். தலைமையாசிரியை மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டார். நானும் ஓரமாக நின்றேன்.

"பதினெட்டு வயசுக்கு மேல இருக்கறவங்க ஆடற கேம் சார் இது. பெத்தவங்க சம்மதிச்சாத்தான் திறக்கும். யார் சம்மதிச்சது?"

அப்பா தரையைப் பார்த்தார். "நான்தாம்மா."

"சம்மதிக்கறப்ப என்ன கேம்னு பார்த்தீங்களா?"

"பார்க்கல."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

அப்பா சொன்னார். அந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டார். பையனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொன்னார்.

அப்பா அந்த வாரம் முழுக்க லீவு போட்டார். கேம் பெட்டியை அலமாரியில் பூட்டிவிட்டு, சுண்டுவுக்கு எதிரே உட்கார்ந்தார். பந்தை உருட்டிவிடுவார், அது சுண்டுவின் முழங்காலில் இடித்து நிற்கும். "சாப்பிட்டியா கண்ணு?" என்பார். அவன் கட்டைவிரல்கள் மட்டும் காற்றில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தன. நான் தலையில் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு வீடு முழுக்க அணிவகுத்தேன். அப்பாவாவது சிரிப்பார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடிதம் வந்தது. இனி அனுப்ப வேண்டாம். அப்பா முன்னாடியே விசாரித்துவைத்திருந்த பக்கத்துப் பள்ளிக்கூடமும் விஷயம் தெரிந்து முடியாது என்றுவிட்டது. அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்து மடித்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா. ஏன் நான்தான்னு சொன்னீங்க?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அது நடந்த அன்னைக்கு ராத்திரியே அந்த கேமுக்குள்ள போய்ப் பார்த்தேன். சம்மதம் கேக்கற இடத்துல என் பிறந்த தேதியைப் போட்டிருக்கு. சர்டிபிகேட்டுல இருக்கற தேதி இல்ல, நிஜமா நான் பிறந்த தேதி. இந்த வீட்டுல அதை ஞாபகம் வெச்சிருக்கறவன் நீ ஒருத்தன்தான்."

எந்தப் பொய்யும் கைக்குச் சிக்கவில்லை. "அம்மா போனதுலருந்து தினமும் அழுதான்ப்பா. அந்த கேமைத் திறந்து குடுத்த அன்னைக்குத்தான் நிறுத்தினான்."

"நிறுத்தினான். எப்படி நிறுத்தினான்னு நான் ஒருநாள் கேட்டேனா?" கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அவங்க பெத்தவனைத்தான்டா கூப்பிட்டாங்க. நீயா பெத்த?"