தலைக்கு மேல் நாலு விரல் இடம்

பச்சித்தர் சிங் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்த புதிதில் ஏணி இல்லாமலே கம்பம் ஏறுவார் என்று அவருடைய பழைய கூட்டாளிகள் சொல்வார்கள். கல்யாணமான மறுவருஷம், ஒரு புயல் மழைக்குப் பிறகு, டிரான்ஸ்ஃபார்மர் மேடையிலிருந்து கீழே விழுந்தார். இடது கணுக்கால் நொறுங்கிப்போனது. தகடு வைத்து, திருகு போட்டு, கடைசியில் மூட்டு அசையாதபடி எலும்புகளைச் சேர்த்தே இறுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பாதம் பலகைதான். மேலேயும் போகாது, கீழேயும் போகாது.

அந்தக் காலோடு அவர் துணை மின்நிலையத்தில் நாற்காலி வேலைக்கு மாறினார். அந்தக் காலோடுதான் கார் ஓட்டவும் கற்றுக்கொண்டார். கிளட்சைப் பாதத்தால் மிதிக்க முடியாது என்பதால் இடுப்பிலிருந்து முழுக் காலையும் தூக்கி இறக்குவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் கைப்பிடியைத் தேடுவான். நான் அவர் வீட்டு மாடியில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். பாட்டியாலா கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். தெருவில் எல்லோருக்கும் மாஸ்டர்ஜி. பக்கத்து இருக்கை பெரும்பாலும் எனக்குத்தான்.

போன குளிர்காலத்தில் இடுப்பும் போய்விட்டது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிளட்சை விடுங்க, இல்ல வண்டியையே விடுங்க" என்றார். மகள் ரவ்னீத் டெல்லியில் படித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது தாண்டிய டீசல் வண்டியை அங்கே ஓட்ட விடமாட்டார்கள். பச்சித்தரின் வண்டி பத்தைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. ஆக, பெட்ரோல் வேண்டும், ஆட்டோமேட்டிக் வேண்டும். குனிந்து ஏற இடுப்பு விடாது, கால் மடங்காது என்பதால் உயரமான வண்டி வேண்டும். எங்கள் தெருவில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தாலே ஒன்று சாக்கடை ஓரம் ஒதுங்கும் என்பதால் நீளமும் குறைவாக இருக்க வேண்டும். இந்த மாதிரி சின்ன எஸ்யூவிகள் இப்போது ஊரில் ஈசல் மாதிரி இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

சிர்ஹிந்த் சாலையில் வரிசையாக ஷோரூம்கள். முதல் கடையில் எங்களுக்கு வாய்த்தவன் அங்குஷ் என்ற இளைஞன். இறுக்கமான சட்டை, நல்ல பேச்சு. பச்சித்தர் கேட்டதையெல்லாம் சொல்லி முடித்ததும் நேராக ஒரு வெள்ளை வண்டிக்கு அழைத்துப் போனான். அவருடைய மனைவி குல்வந்த் கௌர் வெள்ளை என்றதுமே பாதி மனதைப் பறிகொடுத்துவிட்டாள்.

பச்சித்தர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம். அதன் மேல் தலைப்பாகை. தினமும் காலையில் குல்வந்த் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இவர் மறுமுனையை இழுத்து நீளவாக்கில் மடித்து, நின்றபடியே சுற்றிக் கட்டுவது. பாட்டியாலாக் கட்டு சின்னதாக இருக்காது. உட்கார்ந்தவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறுபக்கம்.

"இடிக்குது" என்றார்.

"சீட்டை இறக்கிடலாம் சார்." அங்குஷ் நெம்புகோலை இழுத்தான். இறங்கியது. அப்போதும் இடித்தது. "கொஞ்சம் சாஞ்சு உட்காருங்க. எல்லாரும் இப்ப சாஞ்சுதான் ஓட்டுறாங்க."

"சாஞ்சா ரோடு தெரியாதே தம்பி, வானம்தான் தெரியும்."

"அதுக்குத்தான் சார் சன்ரூஃப்." அவன் ஒரு பொத்தானை அழுத்த, கூரைக் கண்ணாடி பின்னால் நகர்ந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கண்ணாடியும் அது ஓடுகிற தண்டவாளமும் கூரையைக் கீழே இறக்கிவிட்டிருந்தன. சன்ரூஃப் இல்லாத வண்டியில் இந்த இடிப்பு இருக்காது.

"அது இல்லாதது காட்டு" என்றார் பச்சித்தர்.

"அது கியர் வண்டி சார். ஆட்டோமேட்டிக் வேணும்னா டாப் மாடல். டாப் மாடல்னா சன்ரூஃப் சேர்ந்தே வரும்."

"எனக்கு வேண்டியது கால்ல. நீ தலையில கை வைக்கிறியே."

அங்குஷ் சிரித்துவிட்டான். பச்சித்தர் சிரிக்கவில்லை.

அந்த மாதம் முழுக்க இதே கதைதான். எந்தக் கடைக்குப் போனாலும் அவர் முதலில் ஏறி உட்கார்ந்து, தலைப்பாகைக்கும் கூரைக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்ப்பார். நாலு விரல் போக வேண்டும். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது அவ்வளவு வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு விரல்கூடப் போகாத வண்டிகளே அதிகம். ஒரு கடையில் இடம் தாராளமாக இருந்தது, சன்ரூஃபும் இல்லை, விலையும் குறைவு. ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு கியர் மாறும்போதும் வண்டி ஒரு கணம் மூச்சை நிறுத்திவிட்டுத் துள்ளியது. பின் இருக்கையில் குல்வந்தும் நானும் ஒரே தாளத்தில் தலையாட்டிக்கொண்டு வந்தோம். மேம்பால ஏற்றத்தில் அது யோசிக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த டிராக்டர்காரன் இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்டான்.

"கியர் மாத்தட்டுமா வேண்டாமான்னு என்னையே கேக்குது. நானே மாத்திக்கிறதா இருந்தா இது எதுக்கு?" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு கடையில் மேனேஜரே வந்தார், கிளீன் ஷேவ் ஆசாமி. நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். "சர்தார்ஜி, ஓட்டும்போது மட்டும் தலைப்பாவைக் கொஞ்சம் சின்னதாக் கட்டிக்கலாமே. பசங்கல்லாம் அப்படித்தானே பண்றாங்க."

 பச்சித்தருக்கு நிஜமாகக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு நடந்தார். கொதித்தது குல்வந்த்தான். வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

"அவன் வண்டிக் கூரையை ஏத்தமாட்டானாம், இவர் தலையை இறக்கணுமாம். பஞ்சாப்ல கடை வச்சிருக்கான், தலைப்பாகைக்கு இடம் வைக்கல. யாருக்கு விக்கப்போறான், வழுக்கைத் தலைக்காரனுக்கா?" பிறகுதான் பின்னால் உட்கார்ந்திருந்த என் நினைவு வந்து, "உங்களைச் சொல்லல மாஸ்டர்ஜி" என்றாள்.

ஹோலி விடுமுறைக்கு ரவ்னீத் வந்தாள். இருபது வயது, சூட்டிகையான பெண். சாப்பிடும்போது பேச்சு வண்டிக்குப் போனது. அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

"சன்ரூஃப் இல்லாம இப்ப யார் டாடி வாங்குறா? என் ஃப்ரெண்ட்ஸ் வீட்ல எல்லார்கிட்டயும் இருக்கு."

"இருந்து? பாதி வருஷம் வெயில் கொல்லுது, மீதி வருஷம் பனிமூட்டம். எப்பத் திறப்ப?"

"திறக்கணும்னு இல்ல. இருந்தா நல்லா இருக்கும்."

"தலை இடிக்குதும்மா."

அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "ஓட்டுறப்ப மட்டும் சின்னதாக் கட்டுங்களேன் டாடி. என்ன ஆயிடப்போகுது?"

பச்சித்தர் தட்டில் மீதியிருந்த பருப்பை வழித்துச் சாப்பிட்டார். எழுந்து கை கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தக் கால் கல்தரையில் படுகிற சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

"நான் என்ன தப்பா சொன்னேன்?" என்றாள் ரவ்னீத்.

குல்வந்த் அவருடைய தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "நீ பிறக்கறதுக்கு முன்னாடி, இவர் விழுந்து ஆஸ்பத்திரில கிடந்தப்ப, காலை எடுத்துடணும்போல இருக்குன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. நான் அழுதுட்டே நிக்கிறேன். இவர் எங்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? தலைப்பாகைத் துணி எங்கன்னு கேட்டாரு. நாளைக்கு டாக்டர் வரும்போது நான் வெறுந்தலையோட படுத்திருந்தா, காலை வெட்டறதுக்கு யோசிக்கமாட்டார்னு சொன்னாரு. கட்டில்ல உட்கார்ந்தபடியே கட்டினாரு. ஒரு முனையை நான் பிடிச்சேன். மறுநாள் டாக்டர் இன்னொரு தடவை பார்க்கலாம்னு சொல்லிட்டாரு. அதனாலதான் கால் பிழைச்சுதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அவர் அப்படித்தான் நினைக்கிறாரு."

 ரவ்னீத் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சன்ரூஃப் பேச்சை மட்டும் அதன்பிறகு எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அங்குஷே போன் பண்ணினான். அவர்களுடைய வண்டியில் புதிதாக ஒரு ரகம் வந்திருக்கிறதாம். பெட்ரோல், துள்ளாத ஆட்டோமேட்டிக், கூரை வெறும் தகடு. கடையில் காட்ட இல்லை, பணம் கட்டினால் வரவழைத்துத் தருவானாம். வெள்ளையும் உண்டு. பச்சித்தர் அன்றே போய் முன்பணம் கட்டினார். டீசல் வண்டியை விற்க ஆளும் பார்த்துவிட்டார்.

கோதுமை முற்றியது, அறுத்தார்கள், மண்டிக்குப் போனது. வண்டி வரவில்லை. கேட்டபோதெல்லாம் "வந்துட்டே இருக்கு சார்" என்றான் அங்குஷ். இதற்கு நடுவில் ஒருநாள் சாயங்காலம் ரயில்வே கேட் திறந்து எல்லா வண்டியும் நகரும்போது பச்சித்தரால் இடது காலைத் தூக்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. பின்னாலிருந்து அத்தனை ஹாரனும் அலறியது. யாரோ திட்டவும் செய்தார்கள். நானும் ஒரு பழவண்டிக்காரரும் சேர்ந்து தள்ளித் தண்டவாளத்தைத் தாண்ட வைத்தோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு அந்த வண்டியை ஓட்டுவதை விட்டார். வேலைக்கு ஆட்டோவில் போய்வந்தார். ஆட்டோவில் தலை இடிக்காது, ஆனால் கால் வெளியே நிற்கும்.

கடைசியில் வண்டி வந்துவிட்டதாகப் போன். குல்வந்த் புது சல்வார் போட்டுக்கொண்டாள். ஷோரூமில் வண்டிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, லட்டுப் பெட்டியோடு அங்குஷ் நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், உங்களுக்கு யோகம். இந்த மாசத்திலேர்ந்து கம்பெனி எல்லா ஆட்டோமேட்டிக்லயும் சன்ரூஃப் கொடுத்துட்டான். உங்களுக்கும் வந்திருக்கு. ஒரு பைசா அதிகம் கிடையாது. இலவசம்."

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பச்சித்தர் ரிப்பனை நகர்த்திவிட்டு ஏறி உட்கார்ந்தார். விரல் நுழைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. தலைப்பாகையின் உச்சி ஒரு பக்கமாகச் சரிந்தது. அதை நேராக்கிக்கொண்டு இறங்கினார்.

"நான் வேண்டாம்னு சொன்னது ஒண்ணே ஒண்ணு" என்றார். குரல் உயரவில்லை. "அதை இலவசமாக் கொடுக்கிற. இலவசமா வந்தா தலையை வெட்டிக்கணுமா?"

"சார், இது நம்ம கையில..."

"பணத்தைத் திருப்பிக் கொடு."

பணம் திரும்ப வர இழுத்தடித்தார்கள். பச்சித்தர் கார் பேச்சையே வீட்டில் தடை செய்துவிட்டார். தொலைக்காட்சியில் கார் விளம்பரம் வந்தால் சேனல் மாறும். ஆனால் குல்வந்த் விடவில்லை. காலையில் சமையல் முடிந்ததும் அங்குஷுக்குப் போன் போடுவதை வேலையாக வைத்துக்கொண்டாள். பணத்துக்காக ஆரம்பித்தது, போகப்போக வண்டிக்காக ஆனது. "உனக்கும் அப்பா இருப்பாருல்ல? அவருக்குக் கால் வரலைன்னா என்ன பண்ணுவ? தேடு" என்பாள். நச்சரிப்புத் தாங்காமலோ என்னவோ, அவன் தேடினான். பர்னாலா என்ற ஊரில் அவர்களுடைய இன்னொரு கடையில், சன்ரூஃப் சேர்ப்பதற்கு முந்தைய வண்டி ஒன்று விற்காமல் கிடப்பதைக் கண்டுபிடித்தான்.

ஏன் விற்கவில்லை என்பது அங்கே போனதும் தெரிந்தது. வேகவைத்த கத்தரிக்காயைப் போல ஒரு நிறம். கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், புழுதி படிந்து நின்றது. பேட்டரி செத்திருந்தது. வேறு பேட்டரி மாட்டிக் கிளப்பினார்கள்.

பச்சித்தர் ஏறினார். நாலு விரலும் போனது. ஐந்தாவதும் போயிருக்கும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். குல்வந்த் ஜன்னல் வழியாகக் குனிந்து, "ஏங்க, நிறம்..." என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூசி தட்டினா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

நல்லா இல்லை. தூசி தட்டியபின் இன்னும் மோசமாக இருந்தது. ஆனாலும் வாங்கினார்கள். பணம் கட்டிப் பதிவு முடிந்து, வண்டியை எடுத்துவர மறுபடியும் மூன்று பேரும் போனோம். பர்னாலாவை விட்டுக் கிளம்பிய கொஞ்ச தூரத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருடைய இடது கால் இடுப்பிலிருந்து எழும்பி, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் முழுப் பலத்தோடு இறங்கியது. அங்கே இருந்தது பிரேக். வண்டி குத்திட்டு நின்றது. என் மூக்கு முன்சீட்டில் மோதியது. மாடு நிதானமாகப் போனது.

"அந்தக் காலை மடிச்சு வைங்க" என்றாள் குல்வந்த்.

"மடங்காதுன்னுதானே இந்த வண்டியே" என்றார் அவர்.

வழியில் சங்ரூர் வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை அப்படி நின்றோம். அதன்பிறகு குல்வந்த் தன் துப்பட்டாவால் அவருடைய இடது முழங்காலைச் சீட்டின் ஓரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். அப்படித்தான் பாட்டியாலா வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் முடிச்சு அவிழவில்லை. நான் போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்தேன்.

அக்கம்பக்கத்தார் வண்டி பார்க்க வந்தார்கள். வந்தவர் எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்த்து லட்டை வாயில் போட்டுக்கொண்டார்கள். பிறகு அண்ணாந்து பார்த்து, "சன்ரூஃப் இல்லையா?" என்றார்கள். பச்சித்தர் முதல் ஆளுக்கு விளக்கமாகச் சொன்னார், அடுத்தவருக்குச் சுருக்கமாக. பிறகு லட்டு கொடுப்பதைக் குல்வந்திடம் விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜூலையில் ரவ்னீத்தைக் கல்லூரியில் விட டெல்லிக்குப் போனார்கள். கால் கட்டில்லாமலே ஒழுங்காக இருக்கப் பழகியிருந்தது. விடுதி வாசலில் அவளுடைய தோழி ஒருத்தி வண்டியைச் சுற்றிவந்து, "ஏய், இதுல சன்ரூஃப் இல்லையா?" என்று கேட்டாளாம். பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த பச்சித்தர் அப்படியே நின்றுவிட்டாராம். ரவ்னீத், "இல்ல. இருந்தா டாடிக்குத் தலை இடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாளாம். வெட்கப்பட்டுச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று குல்வந்திடம் கேட்டேன். "சும்மா சொன்னா. மணி கேட்டா மணி சொல்ற மாதிரி" என்றாள்.

அவருக்கு இடுப்பு வலி பாதி குறைந்திருக்கிறது. குறை சொல்வது குறையவில்லை. டீசலை ஓட்டிப் பழகிய மனிதருக்கு இந்த வண்டி பெட்ரோல் குடிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பங்க்கிலிருந்து திரும்பும்போதெல்லாம் வாசலில் நின்று, "மாஸ்டர்ஜி, கொஞ்சம் கீழ வாங்க, ஒரு அநியாயத்தைச் சொல்றேன்" என்பார். நான் பல் தேய்த்துக்கொண்டிருப்பதாக மாடியிலிருந்து சைகை காட்டிவிடுகிறேன்.